குழந்தைக்குப் பிடிக்காத கண்ணாடி

பஸ்ஸில் முத்தனுக்கு இடது பக்க ஜன்னலோரம்தான் வேண்டும். கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பான். இடது கண்ணை மலைக்குக் காட்டிவிட்டு, நல்ல கண் இருக்கிற பக்கத்தை மனிதர்களுக்கு வைத்துக்கொள்வான். மலையடிவாரத்துக் காரவள்ளி இறங்கும் வரை வளைவுக்கு வளைவு மற்றவர்கள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருக்க, முத்தன் மடியில் ஒரு அட்டைப்பெட்டியைச் சாயாமல் பிடித்திருப்பான். உள்ளே கூலிங் கிளாஸ். ஆன்லைனில் வாங்கியது. நாமக்கல் கடையில் திருப்பிக் கொடுக்கப் போகிறான்.

மலைமேல் எங்கள் குண்டனி நாட்டில் மிளகுக் கொடி எவ்வளவு உயரம் போகிறதோ அவ்வளவு உயரம் ஏறுகிற ஆள். ஒரு தை மாதம் காய்ந்த குச்சி ஒன்று கண்ணில் ஏறிவிட்டது. ஏணி வழுக்கவில்லை, ஆள் விழவில்லை, கண் மட்டும் போனது. யாராவது விசாரித்தால், “மரம் ஏர்றவனுக்கு ஒரு கண்ணு போதுமுங்க. ரெண்டு இருந்தா கீழ பாக்கத் தோணும்” என்பான்.

இந்தப் பேச்செல்லாம் பேத்திக்கு ஆள் அடையாளம் தெரியும் வரைதான். மகள் மணிமேகலையை நாமக்கல்லில் லாரிப் பட்டறைக்காரனுக்குக் கொடுத்திருக்கிறான். அம்மாவைப் பெற்றவரை எங்கள் பக்கம் அப்புச்சி என்போம். அந்த அப்புச்சியைப் பார்த்து ஒருநாள் குழந்தை வீலென்று கத்திவிட்டது. ஊருக்கு வந்ததும் நேராக என்னிடம் வந்தான்.

“போன்ல எனக்கொரு கூலிங் கிளாஸ் போட்டுக் குடுப்பா.”

“என்ன முத்தா, சினிமாவுல கூப்பிட்டுட்டாங்களா?”

“பேத்திய எடுக்கோணும்.”

நான் போனை எடுத்தேன்.

கருப்பில் ஒன்று வாங்கினோம். குழந்தை இன்னும் பெரிதாகக் கத்தியது. காப்பிக் கலரும் ஆகவில்லை. வெளுத்த கலரில் உள்ளே இருக்கிற கண் தெரிந்தது. கொண்டுவந்து கொடுக்கிற கூரியர்க்காரன் திரும்ப வாங்க மட்டும் மலை ஏற மாட்டான். அதனால் ஒவ்வொன்றையும் அந்தக் கம்பெனியின் கடைக்கே முத்தன் தூக்கிப் போவான். குழாயடியில் பெண்கள், “டவுன்ல சின்னூடு கின்னூடு வெச்சிருக்குதோ என்னமோ” என்று பேசிக்கொண்டார்கள். அவன் காதிலும் விழுந்தது. மறுக்கவில்லை. கூலிங் கிளாஸ் கதைக்கு அது தேவலை என்று நினைத்தானோ என்னவோ.

கடையில் கவிதா என்றொரு பெண்.

“ஏனுங்கய்யா, இதுவும் புடிக்கலீங்களா?”

“கொழந்தைக்குப் புடிக்கல அம்மிணி.”

“கொழந்தைக்குங்களா வாங்குனீங்க?”

“போடறது நாந்தான்.”

கம்ப்யூட்டரில் அப்படியொரு காரணம் இல்லை. ‘அளவு சரியில்லை’ என்று தட்டிக்கொள்வாள். “இங்கயே ஒண்ணப் போட்டுப் பாத்து எடுத்துக்கலாமுங்களே” என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள். முத்தன் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். ஒருநாள் ஊருக்குத் திரும்பி வந்து என்னிடம் சொன்னான்: “செவுரு பூரா கண்ணாடிப்பா. எந்தப் பக்கம் திரும்புனாலும் நானே நிக்கறேன். கொழந்தை கத்தறதுல தப்பே இல்ல.”

பிறகு, எதிரே நிற்பவர் முகம் தெரிகிற பளபளா நீலத்தில் ஒன்று வாங்கினோம். அன்றைக்கு நானும் போயிருந்தேன். குழந்தை அதில் தன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தது. கையை நீட்டித் தவழ்ந்து வந்தது. முத்தன் மூச்சு விடவில்லை. மணிமேகலை சந்தோஷத்தில், “போ கண்ணு, அப்புச்சிகிட்டப் போ” என்றாள். அவ்வளவுதான். குழந்தை அலறிக்கொண்டு திரும்பியது. மணிமேகலை அதை வாரிக்கொண்டு உள்ளே போனவள், நாங்கள் கிளம்பும் வரை அப்பா முகத்தைப் பார்க்கவில்லை. நீலத்தின் மேல்தான் தப்பு என்று முத்தன் அதையும் கவிதாவிடம் கொண்டுபோய் வைத்தான்.

போன வாரம் பச்சையில் ஒன்றை மாட்டிக்கொண்டு மறுபடி போனோம். கதவு பாதி திறந்திருந்தது. மணிமேகலை எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு எடை ஏறவில்லை என்று நர்சம்மா சத்தம் போட்டிருந்தாளாம். குழந்தையோ வாயை இறுக்கி மூடியிருந்தது.

“ஒரே ஒரு வாயி சாமி. தெற. தெறக்க மாட்டயா? அப்புச்சியக் கூப்புடவா? ஒத்தக்கண்ணு அப்புச்சி வந்துரும், புடிச்சுட்டுப் போயிரும்!”

பூச்சாண்டி என்று சொல்கிற இடத்தில் அந்த வீட்டில் அப்புச்சி என்று சொல்லிப் பழகியிருக்கிறார்கள். வாசலில் முத்தன் அப்படியே நின்றான். நான் இருமப் போனேன். என் கையை அழுத்திப் பிடித்தான்.

உள்ளே மணிமேகலை அழுகிற குரலில், “திங்கலீன்னா நான் என்னடி பண்ணட்டும்?” என்றாள். மிரட்டல் பழகிப்போயிருக்க வேண்டும், குழந்தை அசையவில்லை.

முத்தன் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். கதவோரமாகத் தலையை மட்டும் நீட்டி, இடது பக்கத்தை உள்ளே காட்டினான். குழந்தை பார்த்தது. வாய் திறந்தது. மணிமேகலை சோற்றை உள்ளே வைத்தாள்.

முத்தன் தலையை இழுத்துக்கொண்டு, அது விழுங்கும் வரை சுவரில் சாய்ந்து நின்றான். அவள் அடுத்த உருண்டையைப் பிடித்ததும், மறுபடி நீட்டினான்.