டம்ளர்த் தண்ணீர் குதிக்க வேண்டும்

எங்கள் ஊர்க் கண்மாயில் மீன் குத்தகை எடுத்திருந்தவருக்குப் பாட்டு கேட்கத் தெரியாது. பாட்டு ஓடும்போதே போனில் பேசுவார். எதிராளிக்குக் கேட்கவில்லை என்றால் போனைத்தான் திட்டுவார். அப்படிப்பட்டவர் தன் படகுக்குப் புது ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் வைக்க ஆசைப்பட்டார், அந்த வேலைக்கு நான் போனேன். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது.

இரண்டாயிரத்து ஐந்தில் நல்ல மழை. கண்மாய் நிரம்பி வழிந்து மறுகால் போனது. மீன் பிடிக்கிறவர்கள் லாரி டியூபில் உட்கார்ந்துதான் வலை போட்டார்கள். படகு மீனுக்காக வந்ததல்ல, விருந்தாளிகளுக்காக வந்தது. கேரளப் பக்கம் யாரோ கழித்துப்போட்டதை லாரியில் ஏற்றி, மலை இறக்கிக் கொண்டுவந்து, நீலப் பெயிண்ட் அடித்து, ஜீப்பிலிருந்து கழற்றிய டீசல் இன்ஜினைப் பொருத்தி, மேலே தகரக் கூரையும் போட்டிருந்தார். ஒரு முழுக் கண்மாயைச் சுற்றி வர இருபது நிமிஷம் ஆகாது. அதற்கு இத்தனை ஜோடனை.

அந்தப் படகை ஓட்டியது என் அப்பா. அதற்கு முன்னால் இருபது வருஷம் வாழைத்தார் சுமந்து லாரியில் ஏற்றியவர். இடுப்பு எலும்பு விலகிப் போனதும் டாக்டர் சுமக்கக் கூடாது, ரொம்ப நேரம் நிற்கவும் கூடாது என்று சொல்லிவிட்டார். உட்கார்ந்து பார்க்கிற வேலையாக எங்கள் ஊரில் அவருக்குக் கிடைத்தது அந்தப் படகு ஸ்டீயரிங் ஒன்றுதான். அது போனால் வேறு கிடையாது. வீட்டில் எங்கள் எல்லாருக்கும் இது தெரியும்.

நான் அப்போதுதான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்திருந்தேன். எங்கள் வம்சத்திலேயே பத்தாவது தாண்டியவன் நான்தான். அப்பா அதை எங்கே எப்படிச் சொன்னாரோ, முதலாளி ஆள் விட்டுக் கூப்பிட்டார்.

போனால், எனக்கு முன்னாலேயே உத்தமபாளையத்திலிருந்து ஒரு சவுண்டு சர்வீஸ்காரர் சாமான்களோடு வந்து உட்கார்ந்திருந்தார். கல்யாண வீடுகளுக்கு மைக் செட் கட்டுகிறவர். படகில் ஏற்கெனவே இருந்தது ஒரு கேசட் பிளேயரும், கார் கதவிலிருந்து கழற்றிய இரண்டு சின்ன ஸ்பீக்கரும். அதைக் காட்டி, "இதுல பாட்டுக் கேட்டா கொசு காதுல பாடுன மாதிரில்ல இருக்கு" என்றார். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார்.

புது ஆம்ப்ளிஃபயரை முதலாளி கையில் தூக்கிப் பார்த்தார். ஆட்டுக்குட்டி வாங்குகிறவர் தூக்கிப் பார்ப்பதுபோல.

"நல்ல கனம்."

"கனம் இருந்தாத்தான் மொதலாளி சத்தம். மேல எழுதியிருக்கு பாருங்க, ரெண்டாயிரம் வாட்ஸ்."

அந்த இரண்டாயிரம் அட்டைப்பெட்டிக்காரன் எழுதியது. உள்ளே நூறு இருந்தால் அதிகம். சொன்னேன். இரண்டு பேரும், பேசுகிற நாயைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்கள்.

"ஏலே, அச்சடிச்சவன் பொய் சொல்லுவானா? நீ வயர மாட்டு" என்றார் முதலாளி.

மாட்டினேன். பின்பக்கம் அதிரும் சத்தத்துக்கென்று பன்னிரண்டு இஞ்சில் இரண்டு பேஸ் பெட்டி, கூரையில் நான்கு ஸ்பீக்கர், சீட்டுக்கடியில் ஆம்ப்ளிஃபயர். சி.டி. பிளேயருக்கு நீல விளக்கு. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பேட்டரி, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுகிற அதே பேட்டரி. நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இன்ஜினை அணைத்துவிட்டு இவர் வைக்கிற சத்தத்தில் ஒரு மணி நேரம் பாட்டு ஓடினால், அப்புறம் இன்ஜின் சுற்றாது.

"மொதலாளி, பாட்டுக்குத் தனியா ஒரு பேட்டரி வேணும். இல்லேன்னா நடுத் தண்ணியில நின்னுரும்."

"கணக்குப் போட்டாடா பாட்டுக் கேப்பாக?" என்றார். சவுண்டு சர்வீஸ்காரர், "புத்தகத்துல படிச்சது புத்தகத்தோட சரி தம்பி. நான் இருவது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன்" என்றார். இருபது வருஷமும் கரண்டு கம்பத்தில் கொக்கி மாட்டிப் பாடவிட்டவருக்குப் பேட்டரி தீரும் என்பது எப்படித் தெரியும்?

பிறகு பரீட்சை வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் பேஸை அளக்க ஒரு வழி உண்டு. எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் பெட்டிமேல் வைப்பார்கள். பாட்டுக்குத் தண்ணீர் குதித்தால் செட் தேறியது, சும்மா நடுங்கினால் தேறவில்லை. சுற்றிலும் ஒரு கண்மாய்த் தண்ணீர் கிடக்க, இரண்டு பெரிய மனிதர்கள் குனிந்து ஒரு டம்ளர்த் தண்ணீரை வெறித்துக்கொண்டிருந்தார்கள். குதித்தது. ஆனால் கூடவே கடகடவென்று ஒரு சத்தம். ஓரத்தில் படுக்கப் போட்டிருந்த இரண்டு துடுப்புகளும் பலகையில் ஆடி அடித்துக்கொண்டன.

"இது பேஸைக் கெடுக்குது. எடுத்து வெளிய போடுங்க" என்றார் சவுண்டு சர்வீஸ்காரர்.

அப்பா மெதுவாகச் சொன்னார். "மொதலாளி, துடுப்பு இருக்கட்டும். அவசரத்துக்கு ஆகும்."

"இன்ஜின் இருக்கும்போது துடுப்பு எதுக்குய்யா? மாப்பிள்ளை வீட்டாக வாராக, பரிசல் ஓட்டியா காட்டப் போற?"

துடுப்புகள் கரையில் புளியமரத்தில் சாத்தப்பட்டன. நான் வாய் திறக்கவில்லை. நடுத் தண்ணீரில் நிற்கட்டும், அப்போது தெரியும் என்று நினைத்தேன். சந்தோஷமாகவே நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போடிப் பக்கத்திலிருந்து அவர் மகளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். ஏலக்காய் வியாபாரம். பட்டு வேட்டியும் கறுப்புக் கண்ணாடியுமாக எட்டுப் பேர் ஏறினார்கள். கண்மாய் நடுவுக்குப் போனதும் முதலாளி கையைக் காட்ட, அப்பா இன்ஜினை அணைத்தார். பாட்டு தொடங்கியது. கரையில் மேய்ந்த மாடுகள் தலையைத் தூக்கின. நாரைகள் எழும்பிப் போய்விட்டன. புளியமர நிழலில் நானும் சவுண்டு சர்வீஸ்காரரும் நின்றிருந்தோம். "எப்பிடி, நம்ம வேலை?" என்று கேட்டார். என் வேலையும் அதில் இருந்தது.

ஒரு மணி நேரம் ஆகவில்லை. முதலில் பேஸ் விட்டு விட்டு வந்தது. பிறகு டப்பென்று எல்லாம் நின்றது. அந்த அமைதியில் இன்ஜின் சாவியைத் திருப்புகிற சத்தம் கரை வரைக்கும் கேட்டது. டக். டக். அவ்வளவுதான். இன்ஜின் அசையவே இல்லை.

தண்ணீரில் பேச்சு தெளிவாகக் கேட்கும். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "ஏம்ப்பா, பாட்டுக்கு மட்டும் டீசல் ஊத்துனீகளா?" என்றார். சிரிப்பு. அதற்குப் பிறகு முதலாளியின் குரல்.

"என்னடா பண்ணித் தொலைச்ச? எறங்குடா! எறங்கித் தள்ளு!"

அது இரண்டாள் ஆழம். என் அப்பாவைவிடப் பத்து வயது சின்னவர் அப்படிக் கத்தினார். அப்பா எழுந்து நின்று சட்டைப் பொத்தானைக் கழற்றினார்.

அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. படகு நின்றால் இறங்கப் போவது முதலாளி இல்லை. என் கணக்கில் ஆம்பியர் இருந்தது, நேரம் இருந்தது, ஸ்டீயரிங்கில் யார் உட்கார்ந்திருப்பார் என்பது இல்லை.

கரையில் கிடந்த லாரி டியூபைத் தண்ணீரில் தள்ளி, துடுப்புகளைக் குறுக்கே போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்துக் கையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போனேன். "பேட்டரி பழசு தம்பி, அதைச் சொல்லிரு" என்று பின்னாலிருந்து கத்தினார் சவுண்டு சர்வீஸ்காரர். நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா ஒரு காலைத் தண்ணீருக்குள் விட்டிருந்தார். துடுப்புகளை வாங்கிக்கொண்டு உட்கார்ந்து, தண்ணீரைத் தள்ள ஆரம்பித்தார். ஒவ்வொரு தள்ளுக்கும் பல்லைக் கடித்தார். ஒரு துடுப்பை நான் வாங்கிக்கொண்டேன். எட்டுப் பேரில் ஒருவரும் கை கொடுக்கவில்லை. வேட்டி நனைந்துவிடும்.

கரைக்கு வந்ததும் முதலாளி கேட்டார். "வயர் மாட்டுனவன் எவன்?"

நான் வாயெடுப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "அவன் மேல தப்பில்ல மொதலாளி. இன்ஜினை அணைக்காத, ஓடிக்கிட்டே இருக்கட்டும்னு எங்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னான். நாந்தான் மறந்துட்டேன்."

நான் அப்படி எதுவும் சொல்லவே இல்லை. அதுதான் விஷயம்.

"நாளையிலருந்து மடையில நில்லு" என்றார் முதலாளி. மடை என்றால் கண்மாய்த் தண்ணீர் வெளியே போகிற வாய். மீன் தப்பாமல் அங்கே வலையைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நிற்க வேண்டும். ஆறு நாள் நின்றார். வீட்டுக்கு வந்தால் சுவரைப் பிடித்துத்தான் உட்காருவார்.

ஏழாம் நாள் முதலாளியே வந்தார், கையில் புதுப் பேட்டரியோடு. அந்தச் சம்பந்தம் பேசி முடிவாகிவிட்டதாம். மாப்பிள்ளை வீட்டாருக்குச் சத்தம் பிடித்திருந்ததாம், திரும்ப வருகிறார்களாம். அவர்களும் தண்ணீர் குதிப்பதைப் பார்த்துப் பாட்டை ரசிக்கிற கூட்டம்தான் போல.

"நீதானடா கணக்குப் போட்ட. நீயே மாட்டு."

"அப்பா ஓட்டுனா மாட்டுறேன்."

முறைத்தார். பேட்டரியைக் கீழே வைத்தார். "சரி, வந்து ஓட்டச் சொல்லு" என்றார். அவருக்கு அது பெரிய விஷயமே இல்லை. ஒரு ஸ்பீக்கரை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்துவதுபோல.

மறுநாள் நான் பேட்டரி மாட்டிக்கொண்டிருந்தேன். அப்பா தன் சீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நின்னு போகும்னு ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். அவுகட்ட சொன்னேன்ப்பா. கேக்கல."

"அவுக கேக்க மாட்டாக. எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

நான் வயரின் நுனியைச் சீவிக்கொண்டே இருந்தேன், தேவைக்கு மேல். அவர் எழுந்து கரைக்குப் போய்ப் புளியமரத்தில் திரும்பவும் சாத்தியிருந்த இரண்டு துடுப்பையும் எடுத்து வந்தார். ஒரு பழைய சாக்கைக் கிழித்து, துடுப்பின் தலைக்கும் அடிக்கும் இறுக்கிச் சுற்றிச் சணலால் கட்டினார். ஓரத்தில் பழைய இடத்திலேயே கிடத்திவிட்டு, "பாட்டைப் போடு" என்றார்.

போட்டேன். பெட்டிமேல் டம்ளரில் தண்ணீர் குதித்தது. துடுப்புகள் சத்தமில்லாமல் கிடந்தன.