காவலம்மன் சொன்ன வாக்கு

சுதீரைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்லுகிறார்கள். சிலர் அவனைக் கொலைகாரன் என்றே எழுதினார்கள். சிலர் அவனுக்குக் கோயில் கட்டாத குறை. இரண்டு கட்சியிலும் ஒருத்தரும் அவனை வேஷம் இல்லாமல் பார்த்தது கிடையாது. நான் பார்த்தவன், பழகினவன். சித்தூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிற வேங்கடாசலம் நான். 'காளிங்கதுர்க்கம்' படத்துக்கு எங்கள் பக்கத்தில் இருக்கிற வாட்ஸ்அப் ரசிகர் குழுவுக்கு அட்மினும் நானே. அந்தப் பாரத்தை எந்த வேளையில் தலையில் ஏற்றிக்கொண்டேனோ தெரியவில்லை.

படத்தைத் தெலுங்கில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை என்று மாற்றி மாற்றிப் பார்த்த ஆட்கள் நாங்கள். அதே பெயரில் திருப்பதிக்குப் பக்கத்தில், சந்திரகிரி போகிற ரோட்டில், ஒரு ஓட்டல் கட்டினார்கள். வாசலில் கால் வைத்ததும் படத்தில் வருகிற மாதிரி உடுப்பு கொடுத்துவிடுவார்கள். மறுநாள் கிளம்புகிற வரைக்கும் நாம் காளிங்க நாட்டுக் குடிமக்கள். பெட்டி தூக்குகிறவன் படைவீரன். லிப்டுக்குப் பக்கத்தில் நிற்கிறவன் ஒற்றன். ஏசி ஓடவில்லை என்று ஒருவர் புகார் சொன்னதற்கு, 'வடமலைக் காற்றை எதிரி மறித்துவிட்டான், ஆள் அனுப்புகிறோம்' என்றார்களாம். ஒரு ராத்திரிக்கு இருபத்தெட்டாயிரம் ரூபாய்.

இது போதாதா எங்கள் ஆட்களுக்கு. பலமனேரில் தக்காளி மண்டி வைத்திருக்கிற கிரண்குமார் ஒருமுறை குடும்பத்தோடு போய் வந்து ஆரம்பித்துவைத்தான். "இட்லிக்கு வெண்சங்குன்னு பேரு வெச்சிட்டா அது இட்லி இல்லாம பூடுமா? சட்னியும் தண்ணி. இவ்ளோ துட்டுக்கு ஒரு பசு மாடு வாங்கலாம்" என்று குரல் செய்தி போட்டான். குப்பத்தில் படிக்கிற சந்தியா விடவில்லை. "நீங்க இட்லி துன்ன போனீங்களாண்ணா, காளிங்கத்துக்குள்ள போறதுக்கு போனீங்களா?" என்று திருப்பிக் கேட்டாள். அதிலிருந்து தினமும் சண்டை. ஓட்டலைப் பற்றிப் பேசினால் குழுவை விட்டுத் தூக்கிவிடுவேன் என்று நான் போட்ட உத்தரவை ஒருத்தரும் மதிக்கவில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனார்கள். அது காவலம்மன். படத்தில் போருக்குப் போகிறவர்கள் அவள் முன்னால் மண்டியிடுவார்கள். அவள் வேல் நுனியால் தலையைத் தொட்டு, 'உன் உடம்பில் இரும்பு படாது' என்று வாக்குக் கொடுப்பாள். ஓட்டலிலும் விளக்கு வைக்கிற நேரத்தில் உடுக்கை அடித்துக்கொண்டு அவளைக் கூட்டி வருவார்கள். விருந்தாளிகள் வரிசையில் நிற்க, ஒவ்வொருவருக்கும் அதே வாக்கு. அதைக் கேட்டதும் மயிர்க்கூச்செறிந்தது என்று கிரண்குமாரே எழுதினான் என்றால் பாருங்கள்.

அந்தக் காவலம்மன்தான் சுதீர். கார்வேட்டிநகரத்துக்கு வெளியே ஒரு சின்ன ஊர் அவனுக்கு. அப்பா கோவர்த்தனன் மாந்தோப்புகளில் கூலிக்குப் போகிறவர். சின்ன வயதில் சுதீருக்கு ஜுரம் கண்டு பிழைப்பானா மாட்டானா என்று கிடந்தபோது, பிழைத்தால் வருஷா வருஷம் கங்கம்மா கோயில் ஜாத்திரையில் வேஷம் கட்ட வைக்கிறேன் என்று அம்மாக்காரி வேண்டிக்கொண்டாள். அன்றிலிருந்து கட்டுகிறான். எங்கள் பக்கத்து ஜாத்திரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆம்பிளை புடவை கட்டி, முகத்தில் வர்ணம் பூசி, அம்மன் வேஷத்தில் வாசலுக்கு வந்தால், உள்ளே இருப்பது யார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்க மாட்டார்கள். காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுவார்கள். நேற்று அவனைத் திட்டினவரும் இன்று கை கட்டி நிற்பார். வர்ணத்தைக் கழுவின பிறகு பழையபடி திட்டுவார், அது வேறு.

தலையில் அவ்வளவு பெரிய கிரீடத்தை வைத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் நிற்க வேறு ஆள் கிடைக்காமல்தான் ஓட்டல்காரர்கள் இவனைப் பிடித்தார்கள். கிரானைட் பட்டறையில் தூசி தின்றுகொண்டிருந்தவனுக்கு நல்ல வேலை. ஒரே ஒரு கட்டளை. வேஷத்தில் இருக்கும்போது அந்த ஒரு வாக்கைத் தவிர வேறு பேசக்கூடாது. மீறினால் வேலை போய்விடும்.

எங்கள் குழுவில் அக்ஷயா என்று ஒரு பெண். பெங்களூரில் வேலை. சொந்த ஊர் நகரி பக்கம். இந்த ஓட்டலுக்கு ஒருநாள் போயே தீருவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள், அம்மா செங்கம்மாவையும் கூட்டிக்கொண்டு போனாள். செங்கம்மாவுக்கு வயிற்றில் கட்டி. சீக்கிரம் அறுத்து எடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று திருப்பதி டாக்டர் தேதி கொடுத்திருந்தார். அதற்கு முன்னால் அம்மா கொஞ்சம் சந்தோஷமாக இருக்கட்டும் என்று பெண் நினைத்தாள். அதில் என்ன தப்பு, சொல்லுங்கள்.

காவலம்மன் வந்தாள். மற்றவர்கள் செல்பி எடுத்தார்கள். செங்கம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, பையில் இருந்த பாட்டில் தண்ணீரைக் கால்களில் ஊற்றி, குங்குமம் வைத்து, அப்படியே தரையில் விழுந்தாள். "ஆத்தா, வயித்த அறுக்கணும்னு சொல்றாங்க. போவட்டுமா வேணாமா, நீயே சொல்லு" என்றாள். சுதீர் வேல் நுனியை நீட்டித் தலையைத் தொட்டு, மனப்பாடமான வாக்கைச் சொன்னான். உன் உடம்பில் இரும்பு படாது.

அம்மன் சொல்லிவிட்டாள், கத்தி வைக்கக்கூடாது என்று செங்கம்மா ஊருக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள். அழுதும் பார்த்தாள் அக்ஷயா, சண்டை போட்டும் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் தேதியைத் தள்ளிவைத்தார்கள், இதற்கு மேல் தள்ள முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள். அவள் நடந்ததை எல்லாம் குழுவில் எழுதி, 'இதுக்கு யாரு ஜவாப்தாரி?' என்று கேட்டிருந்தாள்.

அதற்கு எங்கள் ரசிக சிகாமணிகள் கொடுத்த பதிலைப் படித்தபோது போனைத் தண்ணீர் வாளியில் போட்டுவிடலாமா என்று வந்தது எனக்கு. இதுதான் அசல் அனுபவம், கொடுத்த காசு வசூல் என்றான் ஒருவன். ஓட்டல் மேல் கேஸ் போடு என்றான் இன்னொருவன். நடிப்பு என்று தெரியாதவர்களை ஏன் கூட்டிப் போகிறீர்கள் என்று சந்தியா கேட்க, பெத்த தாயைக் குறை சொல்லாதே என்று அக்ஷயா சீற, அந்த வேஷக்காரன் கொலைகாரன் என்று கிரண்குமார் முடித்தான். ஒரு பொம்பளை வயிற்றில் கட்டியோடு உட்கார்ந்திருக்கிறாள், இவர்கள் கொடுத்த காசு வசூலா இல்லையா என்று பட்டிமன்றம் நடத்துகிறார்கள்.

அதே குழுவில் சுதீரும் இருந்தான். அவன்தான் அந்த வேஷக்காரன் என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. மறுநாள் மத்தியானம் என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். கண்கள் வீங்கியிருந்தன.

"அண்ணா, அந்த கொலகாரன் நான்தாண்ணா" என்றான்.

"உளறாதடா. குடுத்த டயலாக்க சொன்ன, அவ்ளோதான" என்றேன்.

"அந்தம்மா கேட்டது எனக்கு புரிஞ்சிதுண்ணா. உடுக்கை சத்தத்துல கேக்கலன்னு நானே எனக்கு சொல்லிகினு இருந்தேன். பொய். நல்லா கேட்டுது. கால்ல தண்ணி ஊத்தனதும் ஜாத்ரை மாதிரியே ஆயிடுச்சி எனக்கு. வாக்கு சொன்னதும் அவங்க மூஞ்சி தெளிஞ்சிது. அத பாத்து எனக்கு சந்தோஷமா இருந்துது. அதாண்ணா என்ன துன்னுது."

கடையைச் சாத்திவிட்டு என் வண்டியில் அவனை ஏற்றிக்கொண்டு நகரி பக்கம் கிளம்பினேன். நான்தான் அந்த வேஷம் போட்டவன், அது சினிமா வசனம் என்று நேரில் சொல்லிவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன். அந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவன் நான், எனக்கு எங்கே போயிற்று புத்தி.

செங்கம்மா வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். ஆள் இளைத்திருந்தாள். சுதீர் அவள் முன்னால் மண்ணில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். ஓட்டல் வேலை, மேனேஜர், மனப்பாடம் எல்லாம். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"நீ யாருன்னு நான் கேட்டனா நைனா?" என்றாள். "எங்கூர் ஜாத்ரைல மோட்டார் மெக்கானிக் ரங்கையா மவன் வேஷம் கட்றான். மொத நாளு எங்க போர் கெணத்துல மோட்டார் எறக்கிட்டு போனவன். அவன எனக்கு தெரியாதா? அதுக்காவ மறுநாளு கால்ல தண்ணி ஊத்தாம வுட்டுட்டனா? கட்னவன் வேற, வந்தவ வேற. சொன்னது அவ. அத இல்லன்னு சொல்றதுக்கு நீ யாரு?"

பக்கத்தில் நின்ற அக்ஷயா வெடித்தாள். "எங்கம்மாவுக்கு ஏதாச்சும் ஆச்சின்னா நீங்க ரெண்டு பேருந்தான்" என்றாள். நான் என்ன பாவம் செய்தேன், வெறும் அட்மின்.

திரும்புகிற வழியில் புத்தூரில் டீ குடிக்க நிறுத்தினோம். சுதீர் டீயைத் தொடவில்லை. "திரும்ப கட்டணும்ணா. அவளேதான் வந்து சொல்லணும், அறுத்துக்கோன்னு" என்றான்.

"ஒரு தடவ சாமி பேரால சொன்னது போதாதா ஒனக்கு?"

"பயமாத்தான் இருக்குது. மொத தடவ வேலைன்னு சொன்னேன். இப்ப தெரிஞ்சே சொல்லணும். அறுக்கற எடத்துல அந்தம்மாவுக்கு எதுனா ஆச்சின்னா அதுவும் என் தலமேலதான். ஆனா சும்மா இருந்தாலும் என் தலமேலதாண்ணா."

கிரீடத்தையும் வேல் கம்பையும் ஒருநாளைக்குக் கொடுங்கள் என்று மேனேஜரைக் கேட்டான். அவர் காலில் விழாத குறையாகக் கேட்டான். "ஹோம் சர்வீஸ் லேதப்பா" என்று அவர் கையை விரித்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். சுதீர் எல்லாவற்றையும் பெட்ஷீட்டில் மூட்டை கட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்துவிட்டான். வேலை அன்றோடு போயிற்று. பொருளைப் பிறகு திருப்பிக் கொடுத்ததால் போலீஸ் வரைக்கும் போகவில்லை.

செங்கம்மாவின் ஊருக்கு வெளியே ஒரு மாந்தோப்பில் நான்தான் அவனுக்கு வர்ணம் பூசினேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு என்னமோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான், மன்னிப்புக் கேட்டானோ என்னவோ. தெருவில் நடந்தபோது சனம் திரண்டுவிட்டது. உடுக்கை இல்லை, ஓட்டலில் போடுகிற கலர் விளக்கு இல்லை, காய்கிற வெயில். எனக்கே அவன் சுதீராகத் தெரியவில்லை.

செங்கம்மா ஓடிவந்து காலுக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

"போ. அறுத்துக்கோ" என்றான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அன்னிக்கு இரும்பு படாதுன்னியே ஆத்தா?"

"அன்னிக்கு சொன்னது தப்பு."

கூட்டத்தில் சலசலப்பு. அம்மன் தப்பு என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. செங்கம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாக, "போனா பொழைப்பனா?" என்று கேட்டாள்.

பிழைப்பாய் என்று சொல்லித் தொலையேன்டா என்று எனக்கு உள்ளே அடித்துக்கொண்டது. அக்ஷயாவும் கையைக் கூப்பிக்கொண்டு அதைத்தான் வேண்டினாள். ஒரு வார்த்தை. வர்ணத்தின் மேல் கண்ணீர் கோடு போட்டுக்கொண்டு இறங்கியது.

"தெரியாதும்மா" என்றான். குரல் அம்மனுடையது இல்லை, சுதீருடையது. "எனக்கு தெரியாது."

போச்சு, எல்லாம் கெட்டது என்று நான் நினைத்தேன். செங்கம்மா புடவைத் தலைப்பால் அவன் காலைத் துடைத்தாள். எழுந்து, அவன் கன்னத்து ஈரத்தையும் அதே தலைப்பால் துடைத்தாள்.

"ஒனக்கே தெரியலியா? சரி, அப்ப நீயும் கூட வந்து ஒக்காரு. ரெண்டு பேரும் பயந்துகினே போவலாம்" என்றாள்.

கூட்டத்தில் எடுத்த போட்டோ சுற்றிச் சுற்றி எங்கள் குழுவுக்கும் வந்துவிட்டது. ஓட்டல்காரன் விளம்பரத்துக்குச் செய்த வேலை என்று கிரண்குமார் எழுதினான், அதற்கு நூறு பேர் சண்டைக்கு வந்தார்கள். நான் யாரும் எதுவும் எழுத முடியாதபடி குழுவைப் பூட்டிவிட்டேன். திட்டுகிறவர்கள் திட்டட்டும்.

ஆபரேஷன் அன்று விடிந்ததிலிருந்து சுதீர் ஆஸ்பத்திரித் தியேட்டர் வாசலில் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தான். சாதாரணச் சட்டைதான். நான் வாங்கிவந்த சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை, எவ்வளவு சொல்லியும் ஒரு வாய் தண்ணீர் இறங்கவில்லை. கட்டியை எடுத்தாயிற்று, உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் வந்து சொன்னபோது அக்ஷயா ஓவென்று அழுதாள். இவன் தலையைத் தூக்கவில்லை. "அவரு சொன்னா சரி. நான் சொல்லிக்க என்னா இருக்குது" என்றான்.

சாயங்காலம் அக்ஷயாவை மட்டும் உள்ளே விட்டார்கள். திரும்பி வந்தவள் அவன் எதிரில் நின்றாள். வாசலில் வெடித்த அன்றைக்குப் பிறகு அப்போதுதான் அவனிடம் வாய் திறந்து பேசினாள்.

"எங்கம்மா கண்ணு முழிச்சிட்டாங்க. வெளிய இருக்கறவன் துன்னானான்னு கேக்கறாங்க. நான் போய் இன்னா சொல்லட்டும்?"

சுதீர் பொட்டலத்தைப் பிரித்தான். ஆறிப்போன சோற்றை ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, முழுங்க முடியாமல், குழந்தை மாதிரி அழுதான். அவன் முழுங்குகிற வரைக்கும் அக்ஷயா அங்கேயே நின்றாள். அப்புறம்தான் உள்ளே போனாள்.