தோட்டத்துப் பைப் என்று சிரித்தவன்

எனக்கு நயமாகப் பேச வராது. லாரி டயருக்குக் காற்றடிக்க மற்ற டிரைவர்கள் எல்லோரும் சின்ன மெஷின் வாங்கியபோது நான் நீளமான ரப்பர் குழாயும் காற்று பார்க்கும் மீட்டரும் மட்டுமே வாங்கினேன். பிரேக்குக்காக வண்டியிலேயே காற்று டேங்க் இருக்கிறதே, குழாயை அதில் மாட்டினால் போதாதா?

ஓசூர் லாரி ஸ்டாண்டில் டிரைவர் மஞ்சப்பா சிரித்தான். "என்ன குரு, தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சப் போறியா?" அவன் கையில் புது மெஷின்.

"அது கார் டயருக்குடா, முட்டாள்!" என்றேன். அவன் கேட்கவில்லை.

மாம்பழ சீசனில் வேப்பனப்பள்ளி ரோட்டில் அவன் லாரி நின்றிருந்தது. வால்வு கசிந்து டயர் இறங்கியிருந்தது. மெஷினோ புகைந்து போயிருந்தது. சாயந்திரத்துக்குள் மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்குப் போகாவிட்டால் லோடு முழுக்க அழுகிவிடும். மஞ்சப்பா அழாத குறை.

திட்டிக்கொண்டே வால்வை முறுக்கினேன். என் குழாயை அவன் வண்டி டேங்க்கிலேயே மாட்டினேன். டயர் மெல்ல எழுந்தது.

"காத்து உன் வண்டியிலயேதான்டா இருந்துச்சு!"

"பைப்பு எங்கண்ணா வாங்கின?" என்றான். கேலியாகக் கூப்பிட்ட 'குரு' போய், மரியாதையாக 'அண்ணா' வந்துவிட்டது.

இப்போது யாராவது மெஷின் வாங்கக் கிளம்பினால் மஞ்சப்பாதான் முதலில் கத்துகிறான்: "அது காருக்குடா, முட்டாள்!" என் திட்டு ஸ்டாண்டு முழுக்க ஓடுகிறது. எனக்கு அந்தப் பெருமை போதும்.