ஒன்பது மூட்டைக் கொப்பரை

நான் பொய் சொல்கிறவள் இல்லை. சொல்வதென்று இறங்கியிருந்தால் இதைவிடச் சுத்தமான பொய்யாகப் பார்த்துச் சொல்லியிருப்பேன். இது நடந்தது. 1994 பிப்ரவரியில், ஃபிஜியில், எங்கள் லெவுக்கா துறைமுகத்தில், பட்டப்பகலில் நடந்தது. பேய் ராத்திரியில்தான் வரும் என்று நம்புகிறவர்கள் இனிமேல் உச்சிவேளையிலும் கொஞ்சம் கவனமாக இருங்கள். சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து படிக்கிறவர்கள் முதலில் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

என் பெயர் செரெய்மா. ட்ரெல்ஃபோர்ட் கம்பெனி என்று ஒன்று இருந்தது. நூறு வருஷம் தீவு தீவாகக் கொப்பரை வாங்கிக் கப்பலில் ஏற்றிக் கொழுத்த கம்பெனி. அந்த வருஷம் கடையை மூடினார்கள். அதன் பழைய காகிதங்களை ஆஸ்திரேலியாவில் ஓர் ஆவணக் காப்பகம் கேட்டு வாங்கிக்கொண்டது. கடற்கரைக் கொட்டகையில் அடுக்கியிருந்த பெட்டிகளைத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் போடுவது என் வேலை. திங்கட்கிழமை ஆரம்பம். வெள்ளிக்கிழமை கண்டெய்னர் ஏறிவிடும்.

சம்பளத்துக்காக மட்டும் நான் போகவில்லை. என் அம்மா வசிதிக்கு அப்போது எண்பத்தொரு வயது. படுத்த படுக்கை. தேங்காய்ப்பாலில் வேகவைத்த மீன் ஒரு வாய் வேண்டும் என்று ஆசை. எங்கள் ஊரில் அதைக் கேட்டால் சிரிப்பார்கள். தேங்காய்ப்பால் இல்லாமல் இங்கே சமையலே கிடையாது. ஆனால் எங்கள் வீட்டில் எழுபத்துமூன்று வருஷமாக அது விலக்கு.

காரணம் என் தாத்தா நெமானி. 1921இல் கம்பெனியின் ‘அடெலா’ கப்பலில் மூட்டை சுமக்கப் போனவர் திரும்பவில்லை. சிட்னியில் இறங்கி ஓடிவிட்டான் என்று கம்பெனி சொன்னது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? “உன் புருஷன் அங்க வெள்ளைக்காரிக்குத் தேங்கா துருவிக்கிட்டிருக்கான்” என்று பாட்டியைக் கேட்டே கொன்றார்கள். பாட்டி ஒரு சபதம் எடுத்தாள். ஒன்று அவர் வர வேண்டும். இல்லை, அவர் செத்து நூறு இரவு முடிய வேண்டும். எங்கள் வழக்கத்தில் அந்த நூறாவது இரவில்தான் துக்க விலக்கெல்லாம் நீங்கும். அதுவரை இந்த வீட்டில் தேங்காய்ப்பால் கிடையாது. செத்த தேதி தெரியாதவனுக்கு நூறை எங்கிருந்து எண்ணுவது? பாட்டி போனாள். விலக்கு அம்மாவுக்கு வந்தது.

தாத்தாவைப் பற்றி அம்மாவுக்கு ஒரே ஒரு ஞாபகம்தான். கொப்பரைக் கத்தி பட்டு வலது கட்டைவிரலில் நுனி கிடையாது. அந்த மொட்டை விரலால் முதுகு தேய்த்துக் குளிப்பாட்டுவார். அவ்வளவுதான்.

எனக்கு வேண்டியது ஒரு தேதி.

திங்கட்கிழமை முதல் பெட்டியில் சோப்பு இருந்தது. கடுதாசியில் சுற்றிய மஞ்சள் கட்டிகள், பன்னிரண்டு. ‘சோப்பு மாதிரிகள், 12’ என்று பட்டியலில் எழுதினேன். கொட்டகையில் பெட்டி தூக்க எனக்குத் துணையாக இருந்தவன் ஹர்தயால். வாய் ஓயாத ஆள். குழாயடியில் சோப்பு இல்லையென்று ஒன்றை எடுத்துப் பிரித்துவிட்டான்.

“டேய், அது கணக்குல ஏறிடுச்சு. வை உள்ளே.”

“ஒண்ணு கொறஞ்சா வெள்ளைக்காரன் அழப்போறானா? பாருங்கக்கா, பாட்டி வயசு சோப்பு, கொமரி மாதிரி நொரைக்குது!”

உண்மையாகவே நுரைத்தது. நானும் கை கழுவினேன். முகமும் கழுவினேன்.

செவ்வாய்க்கிழமை. ஹர்தயால் பன்னிரண்டு மணிக்குச் சாப்பிடப் போனான். நான் மட்டும். என் கடிகாரத்தில் 12.10. முதலில் நாற்றம் வந்தது. கெட்டுப்போன கொப்பரை நாற்றம். அந்தக் கொட்டகையில் கொப்பரை வைத்து இருபது வருஷம் ஆகிறது. அதற்குள் இன்னொரு நாற்றம்... இனிப்பாக... அதை என்னவென்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. மூக்கை மூடினேன். அப்போதுதான் கேட்டது.

டொக்... டொக்... டொக்...

என் காலுக்குக் கீழே. தரைக்கு அடியிலிருந்து. அது சிமெண்டுத் தரை. அடியில் மண்ணைத் தவிர ஒன்றும் கிடையாது.

ஹர்தயால் வந்ததும் சொன்னேன். “எலி செத்துக் கெடக்கும்க்கா” என்றான்.

“செத்த எலி தட்டுமா?”

“அப்ப உசுரோட இருக்கிற எலி தட்டியிருக்கும்.” அவனிடம் எதற்கும் ஒரு பதில் இருக்கும்.

புதன்கிழமை ‘அடெலா’ என்று எழுதிய பெட்டி கிடைத்தது. உள்ளே நகல் புத்தகம். அந்தக் காலத்தில் கடிதத்தை மையில் எழுதி, ஈரப்படுத்திய மெல்லிய தாளோடு சேர்த்து இரும்பு அழுத்தியில் நசுக்குவார்கள். மை தாளில் ஊறி நகல் விழும். அப்படி ஐந்நூறு பக்கம். வெங்காயத் தோல் போன்ற தாள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நாக்கில் விரலைத் தொட்டுத்தான் புரட்ட முடியும். ஆவணத்தில் எச்சில் படக்கூடாது என்று அந்தக் காப்பகத்துக்காரர்கள் எழுதியே அனுப்பியிருந்தார்கள். அவசரத்தில் நான் அதைத்தான் செய்தேன்.

நாலாவது பக்கத்தில் நாக்கு கசந்தது. எண்ணெய். பழைய, காறிப்போன எண்ணெய். துப்பினேன். போகவில்லை. நாக்கில் தோல் போலப் படிந்து கிடந்தது. மணி பார்த்தேன். 12.10.

புத்தகத்தின் முதுகிலிருந்து ஏதோ ஊர்ந்து வந்தது. கொப்பரை வண்டு. நீல உடம்பு, சிவப்புக் கால். இந்தத் தீவில் அதைத் தெரியாதவர்கள் கிடையாது. கொப்பரை இருந்தால் வரும். செத்த உடம்பு இருந்தாலும் வரும். ஒன்று... மூன்று... பிறகு எண்ண முடியவில்லை. என் மேல் ஒன்றுகூட ஏறவில்லை. எல்லாம் வரிசையாகத் தரையில் இறங்கிக் குழாயடிக்குப் போயின. போய்ப் பார்த்தேன். சோப்புக் கட்டி தெரியவில்லை. அதன்மேல் வண்டுகள் மொய்த்து, அசைந்துகொண்டிருந்தன. சீ! அங்கேயே வாந்தி எடுத்தேன்.

ஹர்தயால் வந்து வண்டுகளைத் தட்டிவிட்டு, கட்டியைக் கழுவி, கயிறு அறுக்கும் கத்தியால் இரண்டாக வெட்டினான். “பாதி ஒங்க வீட்டுக்கு. அம்மாவைக் குளிப்பாட்ட ஆகும். கழுவிட்டா என்ன, சோப்புதானே?” வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டில் சோப்பு தீர்ந்திருந்தது. கழுவிய பொருள்தானே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். இதற்கு நான் இன்றைக்கும் என்னை மன்னிக்கவில்லை.

அன்று மாலை 6.30. அம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, அந்தச் சோப்பால் துடைத்துவிட்டேன். முதுகு முடிந்தது. அவள் கால்மாட்டில் உட்கார்ந்து பாதம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அம்மா சின்னப் பிள்ளை போலக் கெக்கலித்தாள்.

“யாரு?”

“நான்தாம்மா. செரெய்மா.”

“நீ காலடியில இருக்கே. முதுகு தேய்க்கிறது யாரு?”

ஜுர வேகம் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை. கடைசி நாள். அன்றும் தேதி கிடைக்காவிட்டால் புத்தகம் கடல் தாண்டிவிடும், அம்மா ஆசையோடு போய்விடுவாள். நாற்றத்துக்கு மூக்கில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இந்தத் தடவை விரலை நாக்கில் வைக்கவில்லை. ஈரத்துணி வைத்துக்கொண்டேன்.

ஹர்தயால் கிளம்பினான். மழை பிடித்துக்கொண்டது.

12.10.

டொக்... டொக்... டொக்...

பக்கத்தைப் புரட்டினேன். ஓரத்தில் ஓர் எண்ணெய்க் கறை. கட்டைவிரல் அளவு. ஈரமாக இருந்தது. எழுபது வருஷத் தாளில் ஈரம்.

அடுத்த பக்கம். அங்கேயும் கறை. இன்னும் ஈரம்.

நான் இன்னும் அந்தப் பக்கத்தைத் தொடவே இல்லை.

உற்றுப் பார்த்தேன். விரல் ரேகை தெரிந்தது. மேல்பாதி இல்லை. நுனி... மொட்டையாக இருந்தது.

அப்போது கேட்டது. எனக்குப் பின்னால்.

ச்ச்...

யாரோ விரலை நாக்கில் வைத்து எடுக்கும் சத்தம். பிறகு, என் கண் முன்னால், தாள் தானாகப் புரண்டது.

ச்ச்... இன்னொரு தாள்.

ச்ச்...

காதுக்குப் பக்கத்தில்.

கன்னத்தில் சூடான மூச்சு. அந்த நாற்றம். என் வாயெல்லாம் எண்ணெய் ஊறியது. எழுந்திருக்க முடியவில்லை. கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

ச்ச்... ச்ச்... ச்ச்...

நின்றது.

பக்கம் 214.

1921 செப்டம்பர் 20. லெவுக்கா மேனேஜர் சிட்னி அலுவலகத்துக்கு எழுதியது. முத்து முத்தான கையெழுத்து. அதைப் பார்க்கப் பார்க்கத்தான் எனக்கு அதிகம் குமட்டியது. நான் படித்ததை எங்கள் பேச்சில் சொல்கிறேன்.

‘சரக்கறையில் மூட்டைகளுக்கு நடுவே பிணம் கிடந்ததாக எழுதியிருந்தீர்கள். ஆகஸ்ட் 3 மதியம் 12.10க்கு மூடியை அடைத்தோம். நெமானி என்ற கூலி உள்ளே இருந்திருக்கலாம். கீழேயிருந்து தட்டும் சத்தம் கேட்டதாக ஆட்கள் சொன்னார்கள். காற்று வாக்காக இருந்ததால் மூடியைத் திறந்து நேரத்தை வீணாக்கவில்லை. பிணத்தைக் கடலில் போட்டது சரியே. ஓடிவிட்டான் என்று இங்கே சொல்லிவிட்டோம். அவன் உடம்பு நீர் ஊறிய ஒன்பது மூட்டைக் கொப்பரையை எறிய வேண்டாம். ஆலைக்கு அனுப்புங்கள்.’

சிட்னி போய்ச் சேரும்வரை மூன்று வாரம். மூடிய கப்பலின் அடியில், வெயிலில் அவிந்த கொப்பரைக்கு நடுவே. வண்டுகளோடு. அதற்குப் பிறகும் அந்தப் பாவிகளுக்கு ஒன்பது மூட்டையை விட மனம் வரவில்லை.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. கையெல்லாம் எண்ணெய். குழாயடிக்கு ஓடினேன். சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க நாற்றம் ஏறியது. எவ்வளவு தண்ணீர் விட்டும் நுரை அடங்கவில்லை. ஹர்தயால் திரும்பி வந்தபோது 1.05. நான் அப்போதும் தேய்த்துக்கொண்டிருந்தேன் என்றான்.

அம்மாவிடம் தேதியை மட்டும் சொன்னேன்.

“ஆகஸ்ட் மூணு. கப்பல்லயே போயிட்டாரும்மா.”

“ஓடிப் போகலையே?”

“ஓடிப் போகலம்மா.”

“எங்கம்மாகிட்டச் சொல்லணும்” என்றாள். நூறு இரவு என்றைக்கோ கழிந்திருந்தது; சனிக்கிழமை போதகர் வந்து ஜெபம் செய்து விலக்கை எடுத்தார். தேங்காய் துருவிப் பிழிந்து மீன் வைத்தேன். அம்மா கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள். நான் வாசலில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த புதன்கிழமை தூக்கத்திலேயே போய்விட்டாள்.

கடைசியாக அவளைக் குளிப்பாட்டிய பெண்கள் அலமாரியில் இருந்த அந்தப் பாதிச் சோப்பை எடுத்திருக்கிறார்கள். என்னைக் கேட்கவில்லை. வெளியே வந்த ஒருத்தி முகம் சுளித்துக்கொண்டு சொன்னாள்: “என்ன சோப்புடி அது? முதுகுல நுரை மட்டும் போகவே மாட்டேங்குது.” கட்டி முழுக்கக் கரைந்துபோயிருந்தது.

மே மாதம் காப்பகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. பட்டியலில் சோப்பு மாதிரிகள் பன்னிரண்டு என்று இருக்கிறது, பதினொன்றுதான் வந்திருக்கிறது, விளக்கம் தேவை என்று கேட்டிருந்தார்கள். கட்டிகளுக்கு அடியில் கிடந்த ஆலைச் சீட்டின் நகலையும் இணைத்திருந்தார்கள்.

மூன்றே வரி.

‘அடெலா, ஆகஸ்ட் 1921. தனியாக எடுத்துக் காய்ச்சிய ஒன்பது மூட்டையிலிருந்து, மாதிரிக்குப் பன்னிரண்டு கட்டிகள்.

நுரை நன்றாக வருகிறது.

வாடையைப் பற்றி இதுவரை யாரும் குறை சொல்லவில்லை.’

விளக்கம் கேட்டவர்களுக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. என் கைகளைச் சாம்பல் போட்டுக் கழுவுகிறேன். விலக்கு நீங்கி இத்தனை வருஷமாகியும் ஒரு சொட்டுத் தேங்காய்ப்பால் என் வாயில் பட்டதில்லை. மீதிப் பதினொரு கட்டிகளும் ஆஸ்திரேலியாவில், குளிரூட்டிய அறையில், எண் போட்ட பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன.