மிஸஸ் லின்னிடம் கேட்ட உதவி

அந்த மீன்கடை இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசி விற்கிறார்கள். ஸ்பிரிங்வேலில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் விக்னராஜா, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நடையைத் தளர்த்துவார். மீன்கடை நடத்திய சீனப் பெண்மணி மிஸஸ் லின் இருந்த காலம் நினைவுக்கு வரும்.

மனிதருக்கு ஒரு வீம்பு இருந்தது. சிட்னியின் வில்லாவுட் அகதி முகாமில் கையேந்தி நின்றது போதும், இனி யாரிடமும் எதையும் சும்மா வாங்குவதில்லை என்று.

கடைக்கு இடம் கேட்டுப் போனபோது, கட்டடக்காரரான சீனக் கிழவர் வாடகையைப் பற்றிப் பேசவே இல்லை. உன்னை யாருக்குத் தெரியும் என்றுதான் கேட்டார். நம்மவர்கள் 'எவடம், ஆற்ற மகன்?' என்று ஊரையும் தகப்பனையும் கேட்டுத் துருவுவதில்லையா, அதேதான். மீன் வாங்கப்போய்ப் பழக்கமான மிஸஸ் லின் அந்த வாரமே அவரைக் கிழவர் வீட்டு விருந்துக்கு அழைத்துப்போய்ப் பக்கத்தில் உட்காரவைத்து, இவர் என்னுடைய ஆள் என்றார். கடை கிடைத்துவிட்டது.

மறுநாள் காலையே விக்னராஜா விலையுயர்ந்த தேயிலைப் பெட்டியுடன் மீன்கடையில் நின்றார். அதைக் கொடுத்து, கடன் தீர்ந்து பாரம் இறங்கியதென்று வீடு திரும்பினார்.

அதோடு மிஸஸ் லின் மாறிப்போனார். வணக்கம் சொல்வார், மீன் நிறுத்துத் தருவார், அவ்வளவுதான். முன்போல முருங்கைக்காயை எப்படித் தின்பதென்று கேட்டுச் சிரிப்பது நின்றுவிட்டது. அந்த ஊரில் விக்னராஜாவுக்கு வாய்த்த ஒரே சிநேகிதம் அது. என்ன பிழை விட்டோமென்று தெரியாமல் தவித்தார்.

மனைவி இராஜேஸ்வரியின் கண் ஒப்பரேசன் அன்று கார் ஸ்டார்ட் ஆகவில்லை. டாக்சிக்கு போன் எடுத்தவர், என்ன நினைத்தாரோ, வைத்துவிட்டு மீன்கடைக்குப் போனார். கூச்சத்தோடு, கொண்டுபோய் விடமுடியுமா என்று கேட்டார். மிஸஸ் லின் ஏப்ரனைக் கழற்றிக்கொண்டே கார்ச் சாவியைத் தேடினார். வழியெல்லாம் பழைய பேச்சு, பழைய சிரிப்பு. ஆஸ்பத்திரி வாசலில்தான் மிஸஸ் லின் மனம்விட்டுச் சொன்னார்:

"அண்டைக்கு நீங்கள் அந்தப் பெட்டியோட வந்தது, இனி உன்ர உறவு வேண்டாமெண்டு சொன்ன மாதிரி இருந்தது."

அதன்பிறகு பத்து வருடம் ஒருவர் வேலையை மற்றவர் தலையில் போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

போன வருடம் மிஸஸ் லின் மகளோடு இருக்க சிட்னிக்குப் புறப்பட்டார். இவ்வளவு செய்த மனுசிக்கு ஒரு தங்கச் சங்கிலியாவது போட்டு அனுப்புவோம் என்றார் இராஜேஸ்வரி. விக்னராஜாவின் கண் கலங்கிவிட்டது.

"வேண்டாமப்பா. ஒண்டும் குடுக்காதையும். குடுத்தா எல்லாம் முடிஞ்சு போயிடும்."