மூச்சு என்று ஒரு பெயர்

மாடிப்படியின் ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் குனிந்து செருப்பைச் சரிசெய்வார். செருப்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது. குனிந்த சாக்கில் வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொள்வார். எதிர்வீட்டுக் கதவு திறந்தால் சட்டென்று நிமிர்ந்து ஒரு சிரிப்பு.

நாடக அரங்கில் புல்லாங்குழல் வாசிப்பது அவர் வேலை. மேடைக்கு அடியில், தலை இடிக்கிற அறை. வாத்தியக்காரர்களுக்கு நடுவே தடித்த தூண்கள். சேர்ந்த அன்றே அவரை "மூச்சு" என்று கூப்பிட்டார்கள். "மூச்சு வந்தாச்சா?", "மூச்சு, கொஞ்சம் நகருங்க." தன் இளைப்பு இவர்களுக்கு எப்படித் தெரிந்தது? ஏன் அந்தப் பெயர் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

புது நாடகத்துக்கு முன் மேலாளர் கீழே இறங்கி வந்தார். "முன்வரிசைல புகார். கீழேர்ந்து புஸ்ஸுனு ஏதோ சத்தமாம். ஏற்கெனவே ஆளைக் குறைக்கச் சொல்றாங்க. முதல் நாள் நானே வந்து உக்காருறேன்."

"பூனையா இருக்கும் சார்," என்றார் டிரம்காரர். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்து வைத்தார்.

வீட்டில் கண்ணாடிமுன் நின்று, சத்தமில்லாமல் மூச்சிழுக்கப் பழகினார்.

"என்னங்க, உயிரோடதான் இருக்கீங்களா?" என்றாள் மனைவி. அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு பாதியில் நின்றது. "இந்த வேலை போனா வேற யாரும் என்னைச் சேர்த்துக்க மாட்டாங்கம்மா," என்றார்.

முதல் நாள். விளக்கு அணைந்தது. திருடனைப்போல மூச்சை இழுத்தார். தன் காதுக்கே கேட்கவில்லை. ஊதினார்.

குழல் மட்டும் ஒலித்தது. டிரம் வரவில்லை. வயலின் வரவில்லை. மேலே நடிகையின் காலடி தயங்கி நின்றது. விரல்கள் வியர்த்து வழுக்க, வாசிப்பை நிறுத்திவிட்டார். தொலைந்தோம்.

"மூச்சு! எங்கய்யா போனீங்க?" தூணுக்குப் பின்னாலிருந்து டிரம்காரர் கிசுகிசுத்தார். "மூச்சை இழுங்க!"

பயத்தில் அடைபட்டிருந்த நெஞ்சு புஸ்ஸென்று திறந்துகொண்டது. அந்த நொடியே டிரம் அடி விழுந்தது, வயலின் எழுந்தது, குழலும் சேர்ந்துகொண்டது.

இடைவேளையில் வயலின் அக்கா மேலே போய் மேலாளரிடம் ஏதோ பேசிவிட்டு வந்தார். குழல்காரரோ நாடகம் முடிந்தபிறகும், மேலாளர் கூப்பிடுவார் என்று குழலைத் துடைத்தபடி உட்கார்ந்தே இருந்தார். யாரும் கூப்பிடவில்லை. மறுநாள் வந்து பார்த்தால், முன்வரிசை நாற்காலிகளைப் பின்னால் தள்ளிப் போட்டிருந்தார்கள்.

வெகுகாலம் கழித்துத்தான் டிரம்காரர் சொன்னார்: அந்த அறையில் குழல் வாசிப்பவர் யாரானாலும் பெயர் மூச்சுதான். இருட்டில், தூண் மறைவில், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. குழல்காரர் மூச்சிழுக்கும் சத்தம்தான் எல்லோரும் தொடங்குவதற்கான அடையாளம். அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவரும் மூச்சுதான். அந்தப் பழைய ஆளுக்கு நெஞ்சில் ஒரு கோளாறும் இருந்ததில்லை.