பலகைக்குப் போட்ட பாலிஷ்

குளிர்காலத்தில் அலைமேல் பலகை ஓட்டப் போகிற ஒருவருக்குப் பையில் என்னென்ன எடுத்து வைக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நான் ஒரு நாளும் பலகையில் ஏறியதில்லை. எங்கள் ஊர்க் கண்மாயில் இடுப்பளவுத் தண்ணீரைத் தாண்டி இறங்கியதும் இல்லை. ஆனால் ஒரு குளிர்காலம் முழுக்க அந்தப் பையைக் கட்டியவன் நான்தான். அதன்மேல் எனக்கு இருக்கிற வெறுப்பு இன்னும் தீரவில்லை.

ஷார்ஜா தொழில்பேட்டையில் குடோன் வைத்திருந்த ஒரு கம்பெனியில் எனக்கு டிரைவர் வேலை. பேப்பரில் பிக்கப் ஓட்டுகிறவன், நிஜத்தில் மேனேஜரின் எடுபிடி. மேனேஜர் சென்னைக்காரர். தமிழ் ஆள் மேனேஜராகக் கிடைத்தது உன் அதிர்ஷ்டம் என்று நாங்கள் தங்கியிருந்த லேபர் கேம்ப்பில் எல்லோரும் சொன்னார்கள். நானும் கொஞ்ச நாள் நம்பினேன். மற்ற டிரைவர்களுக்குத் திட்டு இந்தியில் வரும், பாதி புரியாது, பாதி வலிக்காது. எனக்கு மட்டும் அது ஓர் எழுத்துக் குறையாமல் வந்து சேரும். வித்தியாசம் அவ்வளவுதான்.

துபாய்ப் பக்கத்துக் கடல் பெரும்பாலும் குளம் போலத்தான் கிடக்கும். குளிர்காலத்தில் வடமேற்கிலிருந்து ஷமால் காற்று அடித்தால்தான் அலை எழும்பும், அதுவும் இரண்டு மூன்று நாளைக்கு. அந்த நாட்களில் நாங்கள் ரூம் ஜன்னலில் போர்வையை அடைத்துவிட்டு, மண் விழாமல் சோற்றை மூடிச் சாப்பிடுவோம். மேனேஜருக்கோ அன்றைக்குத்தான் பொங்கலும் தீபாவளியும், பலகையோடு கடலுக்குக் கிளம்பிவிடுவார். முந்தின நாளே போனில் எனக்கு லிஸ்ட் வந்துவிடும்.

முதலில் உடம்போடு ஒட்டுகிற ரப்பர் சட்டை. கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே சட்டை, முதுகில் ஜிப், ஜிப்பில் தொங்கும் நீளக் கயிறு. அதை உள்பக்கம் வெளியே வருகிறபடி திருப்பி மடிக்க வேண்டும். கழுத்து உராயாமல் இருக்கத் தடவும் களிம்பு. ஈரச்சட்டையைக் கழற்றும்போது நிற்பதற்கு ஒரு பிளாஸ்டிக் டப், மணல் ஒட்டக் கூடாதாம். காலில் ஊற்ற வெந்நீர் ஒரு கேன், கை பொறுக்கும் சூடு. மாற்றுத் துணியில் கடைசியாகப் போடுவது அடியில், முதலில் போடுவது மேலே. கம்பளிக் குல்லா, இரண்டு துண்டு, தடித்த காலுறை, பேரீச்சம்பழம், ஃப்ளாஸ்க்கில் சுலைமானி என்கிற பால் விடாத டீ. பலகையில் தேய்க்க மெழுகுக் கட்டி ஒன்று. இத்தனையும் ஒரு மனிதன் குளிரில் போய் விழுந்து எழுந்து வருவதற்கு. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் கண்ணால் பார்த்தது அங்கேதான். எனக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள் என்று அந்த லிஸ்ட் ஒரு நாளும் சொன்னதில்லை.

அந்தச் சமயத்தில் என் மனைவி இரண்டாவது பிள்ளைக்கு நிறைமாதம். முதல் பிள்ளை பிறந்தபோது நான் ஷார்ஜாவில் இருந்தேன். லீவில் போனபோது அவனுக்கு ஒன்றரை வயது. என்னைப் பார்த்து வீறிட்டு அழுதான், நாலு நாள் கழித்து அழுகை நின்றதும் மாமா என்று கூப்பிட்டான். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த பிள்ளையை ஆஸ்பத்திரியிலேயே முதலில் கையில் வாங்குவது நான்தான் என்று மனைவியிடம் சத்தியம் செய்திருந்தேன். லீவ் ஃபார்ம் மூன்று வாரமாக மேனேஜர் மேஜையில் கிடந்தது. கேட்கும்போதெல்லாம் பார்க்கலாம் என்றார். டாக்டர் சொன்ன நாளுக்கு இரண்டு வாரம்தான் பாக்கி.

ஒரு வியாழக்கிழமை அவராகவே கூப்பிட்டார். சனிக்கிழமை நல்ல அலை, பலகையை எடுத்துப் போய் பிக்கப்பில் வைத்துக்கொள், மேஜையில் கிடக்கிற ஃபார்மையும் எடுத்துக்கொண்டு வா, கடலிலிருந்து ஏறியதும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அதுவரை அந்தப் பலகை அவர் வீட்டில்தான் இருக்கும். அன்றைக்குத்தான் முதன்முதலாக என் கைக்கு வந்தது.

பார்த்தால், மேல்பக்கம் முழுக்க அழுக்கேறிய பிசுக்கு. மணலும் முடியும் ஒட்டி, எண்ணெய்ச் சட்டியின் அடி மாதிரி இருந்தது. டிரைவர் வேலையில் எனக்குத் தெரிந்த ஒரே மரியாதை, வண்டியைக் கண்ணாடியாகத் துடைத்து நிறுத்துவது. மெழுகு என்றால் பளபளப்புக்கு என்பதுதான் எங்கள் தொழிலில் அர்த்தம். அவர் கட்டியை வைத்துத் தேய்ப்பதை நானும் பார்த்திருக்கிறேன். ஐயோ பாவம், தேய்க்கத் தெரியாமல் தேய்க்கிறார் என்றுதான் நினைத்தேன். வெள்ளிக்கிழமை லீவு நாளில் நாலு மணி நேரம் உட்கார்ந்து, வெந்நீர் விட்டு, பிளாஸ்டிக் ஸ்கேலால் அத்தனையையும் சுரண்டி எடுத்தேன். அதற்கு மேல் வண்டி டேஷ்போர்டுக்குப் போடும் பாலிஷை இரண்டு கை போட்டேன். முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படி மின்னியது. இதைப் பார்த்ததும் சந்தோஷத்தில் கையெழுத்து தானாக விழும் என்று கணக்குப் போட்டேன்.

சனிக்கிழமை காலையில் அவரும் இரண்டு நண்பர்களும் கடற்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். இருட்டு முழுசாகப் பிரியவில்லை. பலகையை அவர் சரியாகப் பார்க்காமலேயே அக்குளில் இடுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினார். முதல் அலையில் எழுந்து நிற்கப் போனவர் வழுக்கித் தலைகுப்புற விழுந்தார். இரண்டாவதிலும் அப்படியே. நண்பர்கள் சிரிக்கிற சத்தம் கரை வரைக்கும் கேட்டது. ஏறி வந்து, பையைக் கிளறி மெழுகை எடுத்துத் தேய்த்தார். பாலிஷ் போட்ட இடத்தில் மெழுகு ஒட்டவே இல்லை. காலடி வழுக்காமல் இருக்கத்தான் அந்தப் பிசுக்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது. பிடிவாதக்காரர், மறுபடியும் போனார். அரை மணி நேரம் விழுந்து விழுந்து எழுந்து, பல் கிட்டிக்க என் முன்னால் வந்து நின்றார்.

"உன்னை யாரு இதைத் தொடச் சொன்னது?"

"அழுக்கா இருந்துச்சு சார்."

"லீவ் மாஃபி. கலாஸ். போய் உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு."

லீவ் கிடையாது, முடிந்தது என்று அரபியில் சொல்லிவிட்டு, வழக்கம்போல முதுகைக் காட்டித் திரும்பி டப்புக்குள் நின்றார். நான் ஜிப்பை இழுக்க வேண்டும். எத்தனையோ தடவை இழுத்திருக்கிறேன். அன்றைக்கு என் கை எழவில்லை. பொண்டாட்டி என்ற சொல் காதுக்குள்ளேயே நின்றது. பையைத் திறந்தேன். மேலேயே, பிளாஸ்டிக் கவரில், ஃபார்மும் பேனாவும் இருந்தன.

"மொதல்ல கையெழுத்தப் போடுங்க சார்."

அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் எரிந்து போயிருக்க வேண்டும். முதுகுக் கயிற்றைத் தானே பிடிக்கப் பார்த்தார். காற்று அதை வீசியடித்தது. பிடித்த பிறகும் குளிரில் விரைத்த விரல் அதை இழுக்க மடங்கவில்லை. நண்பர்கள் தூரத்தில், தண்ணீருக்குள். வெந்நீர் கேன் என் காலடியில். நான் அசையவில்லை. வண்டி பானெட்டில் பேப்பரை வைத்து, கை வெடவெடவென்று ஆட, ஒரு கிறுக்குக் கிறுக்கினார். குளிரா கோபமா எனக்குத் தெரியாது. அதன்பிறகு ஜிப்பை இழுத்தேன், வெந்நீர் ஊற்றினேன், துண்டை நீட்டினேன். என் ஜென்மத்தில் அவ்வளவு சந்தோஷமாக வெந்நீரை யார் காலிலும் ஊற்றியதில்லை.

அன்றைக்கே மனைவிக்குப் போன் செய்து லீவ் கிடைத்துவிட்டது என்றேன். நெசமாவா என்று இரண்டு தடவை கேட்டாள்.

திங்கட்கிழமை ஆபீசில் ஃபார்மைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தங்களிடம் இருக்கும் மேனேஜர் கையெழுத்தோடு இது ஒத்துப்போகவில்லை, கோழி கிளறினது மாதிரி இருக்கிறது, வேறு வாங்கி வா என்றார்கள். மேனேஜர் ரூமுக்குப் போனேன். காய்ந்த சட்டை, காய்ந்த கை, சட்டைப் பையில் இரண்டு பேனா. ஃபார்மை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது என் கையெழுத்து இல்லையே. யாரு போட்டது?"

குரலை அவர் உயர்த்தவே இல்லை. கள்ளக் கையெழுத்து என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் அந்த நாட்டில் என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். பேப்பரைத் திருப்பி வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று கேம்ப் ரூமில் சொன்னார்கள். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு ஜிப்பை இழுத்திருந்தால், கோபம் ஆறி ஒரு வாரத்தில் போட்டுக் கொடுத்திருப்பாரோ என்னவோ. அந்த யோசனை வரும்போதெல்லாம் அவரை விட என்னைத்தான் அதிகமாக வெறுக்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் ஷமால் அடித்தது. லிஸ்ட் வந்தது. பை கட்டினேன். அவர் தண்ணீரில் இருந்தார், நான் கேனோடு கரையில் நின்றேன். போன் அடித்தது, என் அக்கா. பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம் என்று கத்திச் சொன்னாள். குழந்தை அழுகிறது, கேள் என்று போனை அதன் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள். ஒரு காதைப் பொத்திக்கொண்டு, பிக்கப்புக்குப் பின்னால் குனிந்து நின்று கேட்டேன். காற்றின் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, இன்னொரு தடவை பிடி, அக்கா என்றேன்.

அதற்குள் அழுகையை நிறுத்திவிட்டுத் தூங்கிவிட்டது என்றாள்.